சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது?

‘குடிப்பவருக்குத் தெரியாமலேயே குடியை நிறுத்தலாம்.’ பேருந்து நிலையச் சுவரில், மின்கம்பத்தில், ரயில் பெட்டியின் கதவோரத்தில் என்று இந்த நோட்டீஸ் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? வேறு வழி தெரியாத மனைவிமார் அந்தத் தூளை வாங்கிக் குழம்பில் கலந்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். அதில் டைசல்பிராம் வகை மருந்து ஏதாவது இருந்து, அதன்மேல் அவர் குடித்தும் வைத்தால் உயிருக்கே ஆபத்து.

சபரிமலைக்கு மாலை போட்டவர்களைப் பாருங்கள். விரதம் முடியும்வரை தொடவே மாட்டார்கள். மாலையைக் கழற்றியதும் பழைய குருடி கதவைத் திறடிதான். அத்தனை நாள் தாங்கிப் பிடித்ததில் ஐயப்பனுக்கு எவ்வளவு பங்கோ, அதே பங்கு தினமும் பஜனையில் கூட உட்கார்ந்த சாமிகளுக்கும் உண்டு என்பது என் கணக்கு. சாமிகள் கலைந்த பிறகு கூட உட்கார யார் இருக்கிறார்கள்?

குடிநோயாளிகள் ஒன்றாகக் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., பிறந்ததே இந்தக் கேள்வியில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன் குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஹோட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார், பக்கத்திலேயே மதுக்கூடம். உள்ளே போகாமல் டெலிபோனை எடுத்தார். பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று பாதிரியார்களிடம் விசாரித்தார். கடைசியில் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர், ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். வில்சன் அவரைத் திருத்தப் போகவில்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போனார். அதனால்தான் டாக்டரும் எழுந்து போகவில்லை என்று நினைக்கிறேன். டாக்டர் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

இன்று சென்னை, மதுரை, கோவை என்று பல ஊர்களில் தமிழிலேயே ஏ.ஏ. கூட்டங்கள் நடக்கின்றன. எதற்குப் போவது? கொள்கையெல்லாம் அப்புறம். முதலில் நேரத்தைப் பாருங்கள். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 வரை இருக்கிறது. அதற்குள் ஒவ்வொருவருக்கும் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும் ஒரு நேரம் உண்டு. பலருக்கு அது வேலை விட்டு வரும் சாயங்காலம். அந்த நேரத்தில் நடக்கும் கூட்டம்தான் உங்களுக்கான கூட்டம். போகிற வழியில் கடை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கடையைத் தாண்டித்தான் போக வேண்டுமென்றால் வேறு பஸ் பிடியுங்கள்.

‘நம்ம தெருக்காரர் யாராவது இருந்துட்டா?’ இருந்தால் அவரும் அதற்காகத்தான் வந்திருக்கிறார். அப்படியும் உறுத்தினால் இரண்டு ஸ்டாப்பிங் தள்ளிப் போகலாம்.

பெரும்பாலும் தேவாலயத்தை ஒட்டிய பள்ளி வகுப்பறையோ ஆஸ்பத்திரியின் ஒரு மூலையோதான் இடம். பெஞ்சுகள், சுவரில் ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகள் எழுதிய பேனர். ஒருவர் எழுந்து, “என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று ஆரம்பிப்பார். தாலிக்கொடியை அடகு வைத்தது, மகளின் பள்ளி விழாவில் தள்ளாடியது எல்லாம் வரும். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. முதல் நாள் நீங்கள் வாயே திறக்காமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். கட்டணம் கிடையாது, செலவுக்கு ஒரு பை சுற்றி வரும், அவ்வளவுதான். சேர்வதற்கு ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற ஆசை. குடும்பத்தாரும் உடன் வரலாமா என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஓப்பன் மீட்டிங்’ என்றால் வரலாம், ‘க்ளோஸ்டு’ என்றால் குடிநோயாளிகளுக்கு மட்டும்.

ஒவ்வொரு குழுவும் தன்னிச்சையாக நடப்பது. ஒன்றில் பெரியவர்கள் கடவுளைப் பற்றியே பேசுவார்கள், இன்னொன்றில் சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும். ஒன்று பிடிக்கவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் தலைமுழுக வேண்டாம். நாலைந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரியார் பிறந்த மண்ணில் ‘கடவுள்’ என்ற சொல்லிலேயே எழுந்து போகிறவர்கள் உண்டு. ‘அவரவர் புரிந்துகொண்டபடி’ என்று ஏ.ஏ. இடம் விட்டிருக்கிறது, குழுவையே கடவுள் இடத்தில் வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒத்துவராதவர்களுக்கு 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி என்ற, கடவுள் பேச்சில்லாத கூட்டம் இணையவழியில் கிடைக்கிறது. ஆண்கள் நிறைந்த அறையில் பேசத் தயங்கும் பெண்களுக்கும் இணையவழிப் பெண்கள் கூட்டங்கள் கைகொடுக்கும்.

பலன் உண்டா? 27 ஆய்வுகளை அலசிய 2020ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கையில், ஏ.ஏ.வுக்கு முறையாக வழிகாட்டப்பட்டவர்களில் நூற்றுக்கு 42 பேர் ஓராண்டு கழித்தும் தொடவில்லை. மற்ற சிகிச்சைகளில் 35 பேர். மந்திரமில்லை, ஆனால் காசில்லாமல் கிடைப்பதற்கு இது பெரிய விஷயம்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்திவிட்டு நேரே கூட்டத்துக்குப் போகக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம். முதலில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவு. 14446 என்ற இலவச எண்ணிலும் வழி கேட்கலாம். அவர் எதற்கும் அசையவில்லை என்றால் மனைவி தனக்காகப் போகலாம். வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951இல் தொடங்கிய அல்-அனான் குடும்பத்தாருக்கானது.

கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். டீ குடிக்கும் நேரத்தில் இரண்டு மூன்று பேரின் செல் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கும் புத்தாண்டு ராத்திரிக்கும் கூட்டம் உண்டா, இல்லையென்றால் அன்றைக்கு யாருக்குப் போன் போடலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.