மண்ணின் கணக்கு – 7: ஏரிக்குப் போய்ச் சேரும் கோமியம்

புல் முழங்கால் உயரத்துக்குச் செழித்துக் கிடந்தது. அதை மேய்ந்த மாடோ எலும்பும் தோலுமாக நின்றது. நியூசிலாந்து வடக்குத் தீவின் நடுப்பகுதியில், டௌபோ ஏரியை ஒட்டிய எரிமலைப் பீடபூமியில் குடியேறிய பண்ணைக்காரர்கள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டு திகைத்த காட்சி இது. 'புதர் நோய்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதே மாட்டை வேறு மண்ணுக்கு ஓட்டிப்போய் மேயவிட்டால் சில வாரங்களில் தேறிவிடும்.

குறை மண்ணில் இருந்தது. 1930-களின் நடுவில்தான் அது என்னவென்று தெரிந்தது: கோபால்ட். மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் வைட்டமின் பி12 தயாரிக்கக் கோபால்ட் வேண்டும், துளியளவு போதும். அந்தத் துளியும் எரிமலைச் சாம்பலில் உருவான அந்த மண்ணில் இல்லை. சூப்பர் பாஸ்பேட் உரத்தோடு கொஞ்சம் கோபால்ட் கலந்து தூவினார்கள். மாடு வளர்க்க லாயக்கில்லை என்று பைன் மரம் நட்டு ஒதுக்கிய வட்டாரத்தில் மேய்ச்சல் நிலங்கள் விரிந்தன. வெள்ளை குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடி, தன் வேர் முடிச்சுகளால் காற்றிலிருந்து தழைச்சத்தை இலவசமாகப் பிடித்துக் கொடுத்தது.

ஒரு சத்தின் பற்றாக்குறை தீர்ந்தது. இன்னொரு சத்து மிஞ்சத் தொடங்கியது.

மேய்ச்சல் நிலத்தில் தழைச்சத்து எப்படி வீணாகிறது என்பதை ஒரே ஒரு மாட்டை வைத்துப் பார்க்கலாம். தின்ற புல்லில் உள்ள தழைச்சத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் பாலாகவும் சதையாகவும் மாறுகிறது. மிச்சம் சாணமாகவும் சிறுநீராகவும் மண்ணுக்கே திரும்புகிறது. திரும்பினால் நல்லதுதானே? பரவலாகத் திரும்பினால் நல்லதுதான். ஆனால் கறவை மாடு ஒரு தடவைக்கு 2 லிட்டர் அளவில், நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை சிறுநீர் கழிக்கிறது. ஒவ்வொரு தடவையும் நனைவது ஒரு சாப்பாட்டு மேசையில் பாதிகூட இல்லாத இடம். அந்த இடத்தில் விழும் தழைச்சத்தை ஹெக்டேர் கணக்கில் சொன்னால் 1,000 கிலோ வரை வரும். நம் ஊர் 45 கிலோ யூரியா மூட்டையில், ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 20 மூட்டை!

எந்தப் புல்லும் அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. சில வாரம் கழித்து வயலைப் பார்த்தால், வெளிர்பச்சைக்கு நடுவே கரும்பச்சைத் திட்டுகள் தெரியும். வேர் விட்டுவைத்தது கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்குகிறது. சிறுநீரில் இருக்கும் யூரியா அம்மோனியமாகி, பிறகு நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாக மாறுகிறது. அம்மோனியத்தைக் களிமண் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எதிர்மின்னூட்டம் கொண்ட நைட்ரேட்டை அதனால் பிடிக்க முடியாது. புல் வளர்ச்சி குன்றும் குளிர்கால மழையில் அது தண்ணீரோடு இறங்கிவிடும். டௌபோ மண்ணோ, தண்ணீரில் மிதக்கும் அளவுக்குத் துளைகள் நிறைந்த நுரைக்கல் மண். சல்லடையில் ஊற்றிய கதைதான். மணிச்சத்தின் வழி வேறு: அது மண்துகளை ஒட்டிக்கொண்டு, மேல்மண் அரித்தோடும்போது ஓடைக்குப் போகிறது.

டௌபோ 616 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, நியூசிலாந்தின் மிகப் பெரிய ஏரி. அதன் தெளிந்த நீரில் பாசி வளராமல் தடுத்துவந்தது தழைச்சத்தின் பற்றாக்குறைதான். தழைச்சத்து வந்து சேரச் சேர, ஏரியின் தெளிவுக்கே ஆபத்து வந்தது.

வைக்காடோ வட்டார மன்றம் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வரம்பு கட்டியது. 2001 முதல் 2005 வரையிலான காலத்தில் பண்ணையிலிருந்து அதிகம் கசிந்த ஆண்டு எதுவோ, அதுவே அந்தப் பண்ணையின் உச்ச அளவு. மண்ணுக்கடியில் மீட்டர் மாட்ட முடியாதே! ஆகவே மாட்டு எண்ணிக்கை, உரம், மழை, மண்வகை ஆகியவற்றை வைத்துக் கணினி மாதிரி ஒன்று கசிவைக் கணக்கிட்டது. ஒதுக்கீட்டை விற்கலாம், வாங்கலாம். கூடவே, பொதுப் பணத்தில் 2007-இல் ஓர் அறக்கட்டளை அமைந்தது. ஏறத்தாழ 8 கோடி நியூசிலாந்து டாலர் நிதியில், மனிதர்களால் ஏரிக்குச் சேரும் தழைச்சத்தை 20 சதவீதம் குறைப்பது அதன் வேலை. பண்ணைகளையும் ஒதுக்கீடுகளையும் வாங்கி, 2015-க்குள் ஆண்டுக்கு 170 டன் தழைச்சத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது. பல மேய்ச்சல் நிலங்களில் மீண்டும் பைன் ஏறியது.

இதில் ஒரு நியாயக் கேள்வியும் உண்டு. ஏரிப் படுகைக்கு உரிமையுள்ள மாவோரி இனக்குழுவான ங்காத்தி தூஃபாரெதோவாவின் நிலங்களில் பெரும்பகுதி காடாகவே இருந்தது. பழைய கசிவை வைத்து உரிமை பங்கிட்டபோது, அதிகம் கசியவிட்டவர்களுக்கு அதிகம் கிடைத்தது. காட்டை அழிக்காமல் வைத்திருந்தவர்களின் எதிர்காலம் சுருங்கியது.

பலன்? நிலத்தடி நீர் அங்கே மிக மெதுவாக நகர்கிறது. பல இடங்களில் மழைநீர் ஏரியைத் தொடப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. பைன் நட்டுப் பத்தாண்டு கடந்த நிலத்திலிருந்தும், அங்கே ஒரு காலத்தில் மேய்ந்த மாடுகளின் நைட்ரேட் இன்னும் ஏரிக்கு வந்துகொண்டிருக்கிறது.

(தொடரும்)