வெயில் தின்னும் குளோரின்

வீட்டில் நீச்சல்குளம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: நேற்று மாலை குளோரின் போட்டோம், இன்று மாலை பார்த்தால் காணோம். இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனை, இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்கள் என்பது. அந்த யோசனை நோயைப் பார்க்காமல் மருந்தைக் கூட்டுகிறது. எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைவிட, ஊற்றியதை எது தின்கிறது, எது தாங்கிப் பிடிக்கிறது என்பதுதான் குளோரின் நிலையாக நிற்பதை முடிவு செய்கிறது. தாங்கிப் பிடிக்கும் பொருளுக்கு சயனூரிக் அமிலம் என்று பெயர். கடையில் ஸ்டெபிலைசர் என்பார்கள். தம் குளத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாதவருக்கு, குளோரின் அளவு தெரிந்தும் பெரிய பயனில்லை.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் கொண்ட குளத்தில் 48,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கணக்குக்கு எளிதாக 50,000 என்று வைத்துக்கொள்வோம். இதில் 50 கிராம் குளோரின் கலந்தால் ஒரு பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். குழாயில் வரும் குடிநீருக்கு லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சி நின்றால் போதும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மூடிய தொட்டியிலும் குழாயிலும் இருக்கும் தண்ணீர் அது. நீச்சல்குளமோ திறந்த வெளியில் கிடக்கிறது. வியர்வை, எண்ணெய், சிறுநீர், இலை, தூசு எல்லாம் அதில் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் குளோரினைச் செலவழிக்கின்றன. இவை அத்தனையையும் மிஞ்சுவது வெயில். ஸ்டெபிலைசர் இல்லாத தண்ணீரில் கரைந்த குளோரினில் பாதியை, சுள்ளென்ற வெயிலின் புற ஊதாக் கதிர்கள் ஒரு மணி நேரத்துக்குள் சிதைத்துவிடும். இரண்டு மூன்று மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சினால் அதிகம். காலை எட்டு மணிக்குப் போட்ட குளோரின், பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் இறங்கும் மாலை நான்கு மணிக்கு இல்லாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

சயனூரிக் அமிலம் இந்த இழப்பைத் தடுக்கும் விதம் எளிமையானது. அது குளோரினைத் தன்னோடு தளர்வாகப் பிணைத்து வைக்கிறது. பிணைந்திருக்கும் குளோரினை வெயில் எளிதில் சிதைக்க முடியாது. கிருமியோ அழுக்கோ வந்து சுதந்திரமாக இருக்கும் குளோரினைச் செலவழிக்கும்போது, பிணைப்பிலிருந்து கொஞ்சம் விடுபட்டு அந்த இடத்தை நிரப்புகிறது. குதிரில் நெல் இருக்க, அன்றாடச் சமையலுக்கு வேண்டியதை மட்டும் அளந்து எடுப்பது போன்ற ஏற்பாடு. 30 முதல் 50 பி.பி.எம். வரை ஸ்டெபிலைசர் இருந்தால் ஒரு நாள் இழப்பு சமாளிக்கக்கூடிய அளவுக்குக் குறைந்துவிடும்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. வீட்டில் செய்யும் சோதனை, பிணைந்திருக்கும் குளோரினையும் சுதந்திரமாக இருப்பதையும் சேர்த்தே காட்டும். ஸ்டெபிலைசர் உள்ள குளத்தில் நாம் படிக்கும் அளவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சேமிப்பில் கிடப்பது. கிருமியைக் கொல்வது மிஞ்சிய சிறு பங்குதான். ஸ்டெபிலைசர் கூடக் கூட அந்தப் பங்கு இன்னும் சுருங்கும். ஆகவே 40 பி.பி.எம். ஸ்டெபிலைசரோடு இருக்கும் 3 பி.பி.எம். குளோரினும், 150 பி.பி.எம். ஸ்டெபிலைசரோடு இருக்கும் 3 பி.பி.எம். குளோரினும் சோதனைக் குழாயில் ஒரே நிறத்தைத்தான் காட்டும். முதல் குளம் தெளிவாக இருக்கும், இரண்டாவதில் பாசி பிடிக்கும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி., ஸ்டெபிலைசர் இல்லாத குளத்துக்குக் குறைந்தது 1 பி.பி.எம்., இருக்கும் குளத்துக்குக் குறைந்தது 2 பி.பி.எம். என்று தனித்தனியாக வகுத்திருப்பது இதனால்தான். வீட்டுக் குளங்களைப் பராமரிப்பவர்களிடம் வழங்கும் கணக்கு இன்னும் தெளிவானது: ஸ்டெபிலைசர் அளவில் நூற்றுக்கு ஏழு, எட்டு பங்கு குளோரின் எப்போதும் நிற்க வேண்டும். 40 இருந்தால் 3 போதும். 150 இருந்தால் 11 வேண்டும், அந்த அளவில் குளிக்க யாரும் விரும்பமாட்டார்கள்.

ஸ்டெபிலைசரைத் தனியாக வாங்கிப் போட்டதே இல்லையே, எங்கள் குளத்தில் அது எப்படி வரும் என்று கேட்கலாம். மிதவையில் போடும் வெள்ளை மாத்திரை வழியாகத்தான். டிரைகுளோர் எனப்படும் அந்த மாத்திரையின் எடையில் பாதிக்கும் மேல் சயனூரிக் அமிலம். 200 கிராம் மாத்திரை ஒன்று நம் 50,000 லிட்டர் குளத்தில் கரைந்தால் குளோரின் 3.6 பி.பி.எம். கூடுகிறது, ஸ்டெபிலைசர் 2.2 பி.பி.எம். கூடுகிறது. குளோரின் ஓரிரு நாளில் செலவாகிவிடும். ஸ்டெபிலைசர் அங்கேயே தங்கிவிடும். வெயிலில் ஆவியாவது தண்ணீர் மட்டுமே என்பதால், குறைந்த நீரை நிரப்பிக்கொண்டே இருந்தாலும் அது தானாக எளிதில் குறையாது. இரண்டு நாளுக்கு ஒரு மாத்திரை என்று போட்டால் மாதத்துக்கு 33 பி.பி.எம். ஏறும். மூன்றே மாதத்தில் 100. பங்குனியில் பளிங்காக இருந்த குளம் ஆனி முடிவதற்குள் பச்சை கட்டத் தொடங்கும். மாத்திரை குறைந்துவிட்டது என்று எண்ணி இரண்டாகப் போடுவார்கள், சிக்கல் இரட்டிக்கும்.

அப்படியானால் ஸ்டெபிலைசரே வேண்டாம் என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. கூரை போட்ட உள்ளரங்கக் குளத்துக்கு அந்த முடிவு பொருந்தும். வெட்டவெளியில் கிடக்கும் குளத்தில் அது இல்லையென்றால் பகல் முழுவதும் சொட்டுச் சொட்டாகக் குளோரின் விடும் கருவி வேண்டும். உப்பு முறைக் குளத்தில் குளோரினே இல்லை என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. அந்தக் கருவி லிட்டருக்கு 3 கிராம் அளவில் கரைத்த உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினைத்தான் உருவாக்குகிறது. வெயில் அதையும் அதேபோல் சிதைக்கும், அதற்கும் ஸ்டெபிலைசர் வேண்டும். இன்னொரு தயக்கம் மூக்கில் ஏறும் நெடியைப் பற்றியது. நெடி அடித்தால் குளோரின் அதிகம் என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அந்த நெடியும் கண் எரிச்சலும் பெரும்பாலும் குளோரமைன்களால் வருபவை, அதாவது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து கெட்டுப்போன குளோரினால். அங்கே நல்ல குளோரின் பற்றாக்குறையாகவே இருக்கும்.

தினமும் யார் அளந்துகொண்டிருப்பது, மாத்திரை போட்டால் வாரம் முழுவதும் கவலையில்லையே என்பதுதான் எதிர்வாதங்களில் வலுவானது. பத்து நாள் வெளியூர் போகும்போது மாத்திரையை நம்புவதில் தவறில்லை. அன்றாடத்துக்கு வேண்டியது பத்து நிமிட வேலைதான். ஸ்டெபிலைசரை 40 அளவில் ஒருமுறை நிறுத்திவிட்டு, கேனில் வரும் திரவக் குளோரினுக்கு, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு, மாறிவிடலாம். அது தன்னோடு ஸ்டெபிலைசரைக் கொண்டுவராது. 10 சதவீதச் சரக்கில் ஒரு லிட்டர், நம் குளத்தில் 2 பி.பி.எம். கூட்டும். வெயில் தாழ்ந்தபின் மோட்டார் ஓடும்போது ஊற்றினால் இரவு முழுவதும் இழப்பில்லாமல் வேலை செய்யும். கேனை வெயிலில் வைத்தால் வீரியம் வாரக்கணக்கில் இறங்கிவிடும் என்பதால், நிழலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது நல்லது. மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓ.டி.ஓ. சோதனை, கெட்டுப்போன குளோரினையும் நல்லதோடு கூட்டிச் சொல்லும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி. சோதனைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஸ்டெபிலைசர் உள்ள குளத்தில் கிருமிகளைக் கொல்லும் திறனை பி.எச். மாற்றம் அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்றாலும், கடினமான போர்வெல் தண்ணீரில் அது ஏறினால் ஓடுகளிலும் குழாய்களிலும் உப்புப் படியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆசிட்டையோ மாத்திரையையோ வேறெந்தக் குளோரினோடும் ஒரே வாளியில் கலக்கக் கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளும் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கவும் கூடும்.

அளவு சரியாக நின்றாலும் குளோரினால் எல்லாம் ஆகிவிடாது. வயிற்றுப்போக்கைப் பரப்பும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி 1 பி.பி.எம். குளோரினில் ஏழு நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும். வயிறு சரியில்லாத குழந்தையைத் தண்ணீரில் இறக்காமல் இருப்பதே அதற்குக் காவல்.

ஸ்டெபிலைசர் சோதனை கடினமானதல்ல. குளத்து நீரையும் மெலமைன் கரைசலையும் கலந்தால் பால்போல் கலங்கும். அதைக் குழாயில் ஊற்றிக்கொண்டே வர, அடியில் உள்ள கரும்புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் அளவு. மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். பராமரிக்க வருபவரிடம் குளோரின் எவ்வளவு என்று கேட்பதோடு இந்த எண்ணையும் கேளுங்கள். 100 ஆகிவிட்ட ஸ்டெபிலைசரை 50-க்கு இறக்க வீட்டில் நடைமுறையில் உள்ள வழி, குளத்தில் பாதியைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புவதுதான். நம் குளத்துக்கு அது 25,000 லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் இரண்டு நடைக்கும் மேல். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்ட 2019-ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்காரர்கள் அதே லாரியின் பின்னால் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.