சூப்பர் ஹீரோ சண்டையை எடுப்பது யார்? - ‘செகண்ட் யூனிட் டைரக்டர்’ என்ன செய்கிறார்?

2016-ல் வெளியான ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ பார்த்தவர்களுக்கு அந்த மாடிப்படிச் சண்டை மறந்திருக்காது. புகாரெஸ்ட் நகரத்தில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. பக்கியைப் பிடிக்க ஆயுதங்களோடு ஒரு படை மேலே ஏறி வருகிறது. பக்கி எல்லோரையும் அடித்து நொறுக்கிக்கொண்டு கீழே இறங்குகிறான். நடுவில் மாட்டிக்கொண்ட கேப்டனுக்கு இரண்டு வேலை. வந்தவர்களிடமிருந்து நண்பனைக் காப்பாற்ற வேண்டும். நண்பனிடமிருந்து வந்தவர்களையும் காப்பாற்ற வேண்டும்.

வசனம் மிகக் குறைவு. ஆனால், கேப்டன் யார், பக்கி யார், இருவருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அந்தச் சண்டையிலேயே புரிந்துவிடும்.

படத்தை இயக்கியவர்கள் ஆண்டனி ரூஸோ, ஜோ ரூஸோ சகோதரர்கள். தனுஷ் நடித்த ‘தி கிரே மேன்’ (2022) படத்தை எடுத்த அதே இருவர்தான். மார்வெலுக்கு வருவதற்கு முன் இவர்கள் பெயர் வாங்கியது ‘அரெஸ்டட் டெவலப்மென்ட்’, ‘கம்யூனிட்டி’ போன்ற டி.வி. காமெடித் தொடர்களில். அப்போ, இவ்வளவு பெரிய ஆக்‌ஷன்?

‘சிவில் வார்’ படத்தின் ஆக்‌ஷனுக்காக அழைத்து வரப்பட்டவர்களில் சாட் ஸ்டஹெல்ஸ்கி, டேவிட் லெய்ச் என்ற இருவர் இருந்தார்கள். 2014-ல் ‘ஜான் விக்’ எடுத்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்த அதே ஜோடி. சொந்தமாக ஒரு ஹிட் கொடுத்த பிறகும், இன்னொருவர் படத்தில் ‘செகண்ட் யூனிட் டைரக்டர்’ ஆக வேலை பார்த்தார்கள்.

செகண்ட் யூனிட் என்றால் என்ன?

ஒரு பெரிய படத்தில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் ஷூட்டிங் நடக்கும். முக்கிய இயக்குநர், ஹீரோ, ஹீரோயின், வசனக் காட்சிகள் எல்லாம் ஒரு பக்கம். இது மெயின் யூனிட். இன்னொரு பக்கம் தனி கேமராமேன், தனி உதவி இயக்குநர்கள், ஸ்டண்ட் கலைஞர்கள், டூப்கள் என்று ஒரு முழுப் படையே இருக்கும். கார் சேஸ், வெடிப்பு, மாடியிலிருந்து குதிப்பது போன்றவற்றை எடுப்பது இவர்கள் வேலை. இதுதான் செகண்ட் யூனிட்.

இரண்டாகப் பிரிக்கக் காரணம் நேரம். சூப்பர் ஹீரோ படங்களுக்கு ரிலீஸ் தேதியைப் பல மாதங்கள், சில சமயம் வருடங்களுக்கு முன்பே அறிவித்துவிடுவார்கள். திரையில் சில நொடிகளே வரும் ஒரு ஸ்டண்டைத் தயார் செய்து எடுக்க ஒரு நாள் முழுக்க ஆகலாம். அதுவரை கோடிகளில் சம்பளம் வாங்கும் நட்சத்திரங்களைக் காத்திருக்க வைக்க முடியாது.

நம்ம ஊர் ஸ்டண்ட் மாஸ்டர் மாதிரியா?

கிட்டத்தட்ட. தமிழ் சினிமாவில் சண்டைக் காட்சி எடுக்கும் நாளில் செட்டை நடத்துவது பெரும்பாலும் ஸ்டண்ட் மாஸ்டர்தான். ஹாலிவுட்டில் அந்த வேலையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அடி, உதை, அசைவுகளை அமைப்பவர் ஃபைட் கோ-ஆர்டினேட்டர். யார் எங்கே விழுவது, கயிறு தாங்குமா, யாருக்கும் காயம் வராமல் எப்படிச் செய்வது என்று திட்டமிடுபவர் ஸ்டண்ட் கோ-ஆர்டினேட்டர். இதையெல்லாம் எந்தக் கோணத்தில், எந்த லென்ஸில், எத்தனை ஷாட்டில் எடுப்பது என்று முடிவு செய்பவர் செகண்ட் யூனிட் டைரக்டர். சில படங்களில் ஒரே ஆள் இரண்டு பொறுப்பையும் சுமப்பதும் உண்டு.

ஏன் அனுபவசாலி வேண்டும்?

திரையில் விழும் குத்து நிஜத்தில் முகத்தில் படாது. ஆனால், பட்ட மாதிரி தெரிய வேண்டும். கேமரா ஓர் அடி தள்ளி இருந்தால் இடைவெளி தெரிந்து குட்டு உடைந்துவிடும். தப்பாக எடுத்த சண்டையை மறைக்கச் சுலபமான வழி, கேமராவை ஆட்டுவதும் நொடிக்கு ஒரு முறை வெட்டுவதும்தான். யார் யாரை அடிக்கிறார்கள் என்றே புரியாத பல சண்டைகள் பிறந்தது இப்படித்தான்.

ஸ்டஹெல்ஸ்கி, ‘தி மேட்ரிக்ஸ்’ (1999) படத்தில் கியானு ரீவ்ஸுக்கு டூப் போட்டவர். லெய்ச், அதே ஆண்டு வெளியான ‘ஃபைட் கிளப்’ படத்தில் பிராட் பிட்டுக்கு டூப். அடி எங்கே விழும், எங்கே தப்பும் என்பதை உடம்பால் கற்றவர்கள். அதனால்தான் ‘ஜான் விக்’கில் கேமராவைத் தள்ளி வைத்து, நடிகரின் முழு உடம்பும் தெரிய, நீளமான ஷாட்டுகளாக எடுக்கும் துணிச்சல் வந்தது. அதற்காக ரீவ்ஸுக்கு மாதக்கணக்கில் பயிற்சியும் கொடுத்தார்கள்.

இவர்கள் பரப்பிய இன்னொரு வழக்கம் ‘ஸ்டண்ட்விஸ்’. செட் போடுவதற்கு முன்பே, பயிற்சிக் கூடத்தில் அட்டைப் பெட்டிகளைச் சுவராகவும் காராகவும் வைத்து மொத்தச் சண்டையையும் சின்ன கேமராவில் எடுத்து, எடிட் செய்து இயக்குநரிடம் காட்டுவார்கள். ‘இந்த இடத்தில் அவன் தயங்கணும்’, ‘இங்கே அடி வேண்டாம்’ என்று இயக்குநர் அப்போதே சொல்லிவிடலாம். செட்டில் சொன்னால் லட்சக்கணக்கான டாலர் செலவு. அட்டைப் பெட்டியில் சொன்னால் செலவே இல்லை.

பழைய வழக்கம்தான்

இது மார்வெல் கண்டுபிடித்த வித்தை இல்லை. ‘பென்-ஹர்’ (1959) படத்தின் புகழ்பெற்ற ரதப் பந்தயத்தை எடுத்தது இயக்குநர் வில்லியம் வைலர் அல்ல. ஆண்ட்ரூ மார்ட்டனும், முன்னாள் ஸ்டண்ட்மேன் யாகிமா கனுட்டும் சேர்ந்து செகண்ட் யூனிட்டில் எடுத்தது அது.

சூப்பர் ஹீரோ படங்களுக்கு வந்தால், ‘தி அமேஸிங் ஸ்பைடர்-மேன்’ (2012) நல்ல உதாரணம். இயக்குநர் மார்க் வெப் அதற்கு முன் எடுத்தது ஒரு காதல் படம். செகண்ட் யூனிட்டைக் கவனித்தவர் விக் ஆம்ஸ்ட்ராங். இண்டியானா ஜோன்ஸாக ஹாரிஸன் ஃபோர்டு நடித்தபோது அவருக்கு டூப் போட்டவர்.

சண்டை தனி, கதை தனி ஆகிவிடாதா?

ஆகலாம். இந்த முறை மீது இருக்கும் பெரிய குற்றச்சாட்டே அதுதான். அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்ட்டெல், ‘பிளாக் விடோ’ படத்துக்காக மார்வெல் தன்னிடம் பேசியதாக 2018-ல் சொன்னார். ஆக்‌ஷனைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அதை நாங்களே பார்த்துக்கொள்வோம் என்றார்களாம். எனக்கு ஆக்‌ஷன் எடுக்கவும் ஆசைதான் என்பது அவருடைய பதில். உதவி என்று நினைத்து நீட்டும் கை, ‘உன்னால் முடியாது’ என்று சொல்வது போலவும் ஆகிவிடும்.

கிறிஸ்டோபர் நோலன் இன்னொரு எல்லை. ‘தி டார்க் நைட்’ (2008) படத்தில் லாரி தலைகீழாகக் கவிழும் காட்சி உட்பட எல்லாவற்றையும் மெயின் யூனிட்டிலேயே எடுப்பவர். கைக்கடிகாரத்தின் குளோசப் ஆனாலும், ஆயிரம் பேர் ஓடும் காட்சி ஆனாலும் திரையில் அடைக்கும் இடம் ஒன்றுதான். அதை நான் இயக்கத் தேவையில்லை என்றால் நான் எதற்கு என்பது அவர் வாதம்.

ஆனால், எல்லோருக்கும் நோலனுக்குக் கிடைக்கும் நாட்கள் கிடைப்பதில்லை. அப்போது கேள்வி, செகண்ட் யூனிட் வேண்டுமா வேண்டாமா என்பது இல்லை. இரண்டு யூனிட்டும் ஒரே கதையைச் சொல்கிறதா என்பதுதான்.

‘ஷாங்-சி’ (2021) இதற்குப் பதில் சொல்கிறது. இயக்குநர் டெஸ்டின் டேனியல் கிரெட்டன் சின்ன பட்ஜெட் டிராமாக்களில் வளர்ந்தவர். அவருக்குத் துணையாக வந்தவர் பிராட் ஆலன், ஜாக்கி சானின் ஸ்டண்ட் குழுவில் பயின்ற ஆஸ்திரேலியர். சான் பிரான்சிஸ்கோ பஸ்ஸில் நடக்கும் அந்தச் சண்டையை நினைத்துப் பாருங்கள். சண்டையே போடத் தெரியாதவன் என்று கேட்டி நம்பிய நண்பன், அவள் கண் முன்னே கம்பியையும் சீட்டையும் பிடித்துச் சுழன்று அடிக்கிறான். நமக்குக் கிடைப்பது அடிதடி மட்டும் இல்லை; ‘இத்தனை நாள் இவன் யாரோடு பழகினேன்?’ என்ற அவளுடைய அதிர்ச்சியும்தான். கதை எங்கே முடிந்து ஆக்‌ஷன் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது.

படம் தியேட்டருக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2021 ஆகஸ்ட்டில் பிராட் ஆலன் இறந்துபோனார். படம் அவருக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. டைட்டில் கார்டில் அந்தப் பெயரைப் பார்த்தபோதுதான், இப்படி ஒருவர் இருந்தார் என்பதே பல ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி மாறுமா?

கொஞ்சம் மாறுகிறது. ஸ்டண்ட் வடிவமைப்புக்குத் தனி விருது கொடுக்கப்போவதாக ஆஸ்கர் அகாடமி 2025 ஏப்ரலில் அறிவித்தது. 2027-ல் வெளியாகும் படங்களுக்கு, 2028-ல் நடக்கும் 100-வது விழாவில் முதல் விருது. அதற்காகத் தொடர்ந்து குரல் கொடுத்தவர்களில் ஒருவர், அதே டேவிட் லெய்ச்.

‘பென்-ஹர்’ ரதப் பந்தயம் திரைக்கு வந்து கிட்டத்தட்ட 70 வருடங்கள் கழித்துக் கிடைக்கும் அங்கீகாரம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை ஒரு சண்டைக் காட்சி பிடித்திருந்தால், போஸ்ட் கிரெடிட் சீனுக்காக உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் ‘செகண்ட் யூனிட் டைரக்டர்’ என்ற வரியில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். நீங்கள் கைதட்டியது அவருக்காகவும் இருக்கலாம்.