வாக்கும் இடமும்

நுழையும்முன்

வாக்களிப்பது மக்களின் உரிமை. அவ்வாக்குகளைச் சட்டமன்ற இடங்களாக மாற்றுவது தேர்தல் விதி. விதி மாறினால் அரசியலின் போக்கும் மாறுமா? நியூசிலாந்தின் பட்டறிவு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

இருமுனைப் போட்டி

ஒரு தொகுதியில் மற்றவர்களைவிட மிகுதியான வாக்குகளைப் பெற்றவரே வென்றவர் என்பது நம் மக்களவைத் தேர்தலில் பின்பற்றப்படும் முறை. இஃது எளிமையானது. ஆயினும், சிறிய கட்சியை விரும்புவோர் தம் வாக்கு வீணாகுமோ என அஞ்சி, இரு பெருங்கட்சிகளுள் ஒன்றன் பக்கம் சாய்வர். இதனால் இருகட்சி முறை வலுப்பெறும் என்று பிரெஞ்சு அறிஞர் மோரிஸ் துவர்ஜே விளக்கினார். களத்தில் இருவரே நின்றால் ஒருவரின் தோல்வியே மற்றவரின் வெற்றி. எனவே, தம் நிறையைக் காட்டுவதைவிட எதிரியின் குறையைப் பெருக்கிக் காட்டுவது எளிதாகிறது. மக்களும் இரு அணிகளாகப் பிளவுபடுகின்றனர்.

வட்டார வேறுபாடுகள் மிகுந்த இந்தியாவில் இதே முறையின்கீழ்ப் பல கட்சிகள் வளர்ந்தன. நியூசிலாந்திலோ தேசியக் கட்சி, தொழிற்கட்சி என்னும் இரண்டுமே பல்லாண்டுகள் மாறிமாறி ஆண்டன.

மாற்றத்தின் தொடக்கம்

1978, 1981 ஆகிய இரு தேர்தல்களிலும் தொழிற்கட்சியே கூடுதல் வாக்குகள் பெற்றது. ஆனால், கூடுதல் இடங்களை வென்று ஆட்சியமைத்தது தேசியக் கட்சி. 1981இல் சோசியல் கிரெடிட் என்னும் சிறிய கட்சி, ஐந்தில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றும் 92 இடங்களுள் இரண்டையே அடைந்தது. இக்குறையை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1986இல் புதிய முறையைப் பரிந்துரைத்தது. 1993இல் நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறத்தாழ 54 விழுக்காட்டினர் அதனை ஏற்றனர். 1996இல் அது நடைமுறைக்கு வந்தது.

இரண்டு வாக்குகள்

புதிய முறையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு. கட்சி வாக்கின் விகிதமே மன்றத்தில் அக்கட்சியின் மொத்த இடங்களைத் தீர்மானிக்கிறது. சான்றாக, 120 இடங்கள் கொண்ட மன்றத்தில் 30 விழுக்காடு வாக்குப் பெற்ற கட்சிக்கு ஏறக்குறைய 36 இடங்கள் உரியவை. அது 20 தொகுதிகளில் வென்றிருந்தால், எஞ்சிய 16 இடங்கள் அதன் வேட்பாளர் பட்டியலிலிருந்து நிரப்பப்படும். இவ்வாறு இடம்பெற, ஒரு கட்சி 5 விழுக்காடு கட்சி வாக்குகளையோ ஒரு தொகுதியையோ பெற்றிருத்தல் வேண்டும்.

விளைவும் வரம்பும்

1996 முதல் 2017 வரை நடந்த எட்டுத் தேர்தல்களிலும் எக்கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிட்டவில்லை. நேற்று எதிர்த்தவருடன் இன்று பேசியே ஆட்சியமைக்க வேண்டியதாயிற்று. ஆகவே, பகையை எல்லை மீறி வளர்ப்பது கட்சிகளுக்கே இழப்பாகும்.

இம்முறையிலும் குறைகள் உண்டு. 1996இல் கூட்டணிப் பேச்சு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் நீண்டது. சிறிய கட்சி தன் வலிமைக்கு மீறிப் பேரம் பேசவும் இயலும். இவற்றை அறிந்திருந்தும், 2011இல் நடந்த மற்றொரு வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் இம்முறையே தொடர வேண்டும் என்றனர்.

கரை, வெள்ளத்தை நெறிப்படுத்தும், நீரைத் தூய்மையாக்காது. தேர்தல் விதியும் அத்தகையதே. மாற்றுக்கருத்துடையோரைப் பகைவராகக் கருதாத பண்பை வளர்ப்பது, நாளைய வாக்காளர்களாகிய உங்கள் கடமையாகும்.