மடிக்கணனியின் மந்தம்: நோயறிந்து மருந்திடுவோம்

பிள்ளைகளின் பாடங்கள், வழக்குப் பத்திரங்கள், ஊர்ப் புகைப்படங்கள் யாவும் இன்று நம் வீட்டு மடிக்கணனி ஒன்றினுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. அது மந்தமானதும் புதியது வாங்க விரைதல் அறிவுடைமையாகாது.

நினைவகம் போதாமை வேறு; பழுதடைதல் வேறு. போதாதெனில் பெரும்பாலும் வேகமே குறையும். பழுதெனில் நீலத்திரை தோன்றிக் கணனி திடீரென நின்றுவிடக்கூடும். சேமிக்கும் கோப்புகளும் சிதையக்கூடும். ஆகவே, முதலில் முக்கிய பத்திரங்களை வேறிடத்திற் பிரதி செய்து வையுங்கள்.

அடுத்து, ‘விண்டோஸ் மெமரி டயக்னோஸ்டிக்’ என்ற சோதனையைத் தேடி இயக்குங்கள். இது விண்டோசுடனேயே வருவது, பணச்செலவில்லை. பிழை காட்டினால், மின்னிணைப்பையும் மின்கலத்தையும் நீக்கிய பின், நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோதியுங்கள். பழுதான துண்டு தெரிந்துவிடும்.

பிழையேதுமின்றி வேகம் மட்டும் குறைவாயின் நினைவகத்தைக் கூட்டலாம். விண்டோஸ் 11 இற்கு 4 ஜிபி குறைந்தபட்ச அளவு. அன்றாட வேலைக்கு 8 ஜிபி நன்று. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்பன ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தா. சில கணனிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அதனைக் கழற்றி மாற்றவியலாது. எனவே மாதிரி இலக்கத்தைக் காட்டி விசாரித்த பின்னரே வாங்குங்கள்.

சிறு துண்டொன்றால் தீரக்கூடிய குறைக்காக, அரும்பாடுபட்டுச் சேர்த்த பணத்தை வீணாக்க வேண்டாம்.