ஆட்டுக் கொட்டகைக் கூரை வியர்ப்பது ஏன்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் ஐப்பசி மழைக்குப் பனையோலைக் கூரைமீது பாலித்தீன் தாள் விரிப்போர் உண்டு. மழைக்கு அது நல்லதே. மார்கழியிலும் எடுக்காமல் விடுவதுதான் தவறு. ஆடுகளின் மூச்சிலும் மூத்திரத்திலும் எழும் ஈர ஆவி, ஓலை வழியே ஏறி, பனியில் குளிர்ந்த தாளில் பட்டு நீராகிச் சொட்டும். கூரை ஒழுகுவதாக எண்ணி மேலும் ஒரு தாள் போடுவதில் பயனில்லை. ஓலை மட்கும், தரை ஈரத்தில் நெடி மிகுந்து, தையில் விலைபோக வேண்டிய குட்டிகள் சளியால் இளைக்கும்.

மழை விட்டதும் தாளை எடுத்துவிட வேண்டும். முகட்டின் இரு முனைகளிலும் முக்கோணத் திறப்பு விடுதல் அவசியம். அரிவாள் போதும், செலவில்லை. வாடைக்குச் சாக்கு கட்டுவோர் ஆட்டின் உயரத்திற்கு மட்டும் கட்டலாம். கரிசல் தரையில் ஈரம் தங்கும். சரளை கொட்டி உயர்த்துவது நல்லது. கூரையை ஒட்டி அடுக்கிய கடலைக்கொடியில் பூசணம் கண்டால், அதைச் சினையாடுகளுக்குப் போடக் கூடாது.