யானைக்கால் நோயாளிகளுக்கு ஒரு பேசினும் ஒரு துவாலையும்



உங்கள் காணிக்கையில் ஒரு பகுதியைக் கொண்டு பேசின், சோப்பு, பருத்தித் துவாலை ஆகியவற்றை வாங்குகிறோம். "ஆஸ்பத்திரிக்கு மருந்துதானே தேவை?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். இவை யானைக்கால் நோயாளிகளுக்காக வாங்கப்படுகின்றன. காரணத்தை விளக்குவது எங்கள் கடமை.

நம் நாட்டில் இந்நோயைப் பரப்புவது கியூலெக்ஸ் கொசு. அது கடிக்கும்போது உடலில் புகும் இளம்புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கி வளர்ந்து அவற்றைப் பழுதாக்குகின்றன. மாத்திரைகள் புழுக்களைக் கட்டுப்படுத்தும். பழுதான குழாய்களைப் புதிதாக்குவதில்லை. ஆகவே நீர் காலிலேயே தேங்குகிறது. விரலிடுக்கிலுள்ள வெடிப்பு வழியாகக் கிருமிகள் நுழைந்தால் குளிர்காய்ச்சலும் கடும் வலியும் உண்டாகும். அடிக்கடி காய்ச்சல் வந்தால் வீக்கம் கூடிக்கொண்டே போகும். வேலைக்குப் போக முடியாது. வெட்கத்தினால் ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

இரத்தத்தை ஓடச்செய்ய இருதயம் உண்டு. நிணநீருக்கு அப்படிப்பட்ட உறுப்பு இல்லை. குழாய்களின் மெல்லிய சுருக்கமும், தசைகளின் அசைவும், ஆழ்ந்த மூச்சுமே அதை மேலே கொண்டுசெல்கின்றன. எனவே நோயாளிகளுக்கு நாங்கள் கற்றுக்கொடுப்பது இதுதான்:

தினமும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளை ஒற்றித் துடைத்து, வெடிப்புகளுக்கு மருந்திட வேண்டும். உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் மெதுவாக அசைக்க வேண்டும்; கணுக்காலைச் சுழற்ற வேண்டும். வயிறு எழும்பித் தாழும்படி நிதானமாக மூச்சுவிட வேண்டும். முதலில் தொடையையும் பிறகு கீழ்க்காலையும் மேல்நோக்கி மிக மென்மையாக வருடிவிட வேண்டும். அழுத்தித் தேய்க்கக் கூடாது. உறங்கும்போது காலைச் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். காய்ச்சலும் சிவப்பும் கண்டால் பயிற்சியையும் வருடுவதையும் நிறுத்தி, ஓய்வெடுத்து, உடனே மருத்துவரிடம் வர வேண்டும்.

2000-ஆம் ஆண்டில் தொடங்கிய உலக சுகாதார நிறுவனத்தின் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்திலும், புழுக்களுக்கான மருந்தோடு இத்தகைய பராமரிப்பு ஒரு முக்கிய அங்கம். கேரளத்தில் காசர்கோட்டிலுள்ள ஒரு தோல் மருத்துவ நிறுவனம், யோகப் பயிற்சிகளையும் ஆயுர்வேத முறைகளையும் நவீன மருத்துவத்தோடு இணைத்து இவர்களுக்குச் சிகிச்சை அளித்து வருகிறது.

"அப்படியானால் ஆஸ்பத்திரியில் யோகாசனமா?" என்று சபைப் பெரியவர்கள் கேட்பது நியாயமே. நாங்கள் மந்திரமோ வேறு வழிபாடோ கற்பிப்பதில்லை. மூச்சும் தசையும் தேவன் படைத்தவை. அவற்றை நிதானமாகப் பயன்படுத்தும் அறிவு கிழக்கத்திய மரபில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. சரீரத்துக்கு நன்மையானதை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறோம்.

பல ஆண்டுகளாக இருக்கும் வீக்கம் முற்றிலும் மறையும் என்று நாங்கள் வாக்களிப்பதில்லை. காய்ச்சல் குறையும், கால் இலேசாகும், மறுபடியும் வேலைக்குப் போகலாம். நம் ஆண்டவர் சீஷருடைய கால்களைக் கழுவத் துவாலையை எடுத்தார். அந்த நினைவோடு முதல் நாள் நாங்கள் கழுவிக் காட்டுகிறோம். மறுநாள் முதல் அவர்களே கழுவிக்கொள்கிறார்கள்.

வீட்டிலே தனியாக இந்தப் பராமரிப்பைச் செய்துவரும் ஒவ்வொருவரும் சோர்ந்துபோகாதபடி ஜெபியுங்கள். உங்கள் சபையில் கால் வீக்கத்தினால் ஒதுங்கி இருப்பவர்களைத் தேடிச் சந்தித்து, எங்களிடம் அனுப்பிவையுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.